மெட்ரோ தோண்டும் இடத்தில் பழைய நகரம்: வாசகர் கேள்வி பதில்

கிரேக்க நாட்டின் தெசலோனிக்கி நகரில் 2024 நவம்பர் 30 அன்று மெட்ரோ ரயில் ஓடத் தொடங்கியது. அதற்காகத் தோண்டிய இடங்களில் 3 லட்சத்துக்கும் மேற்பட்ட தொல்பொருள்கள் கிடைத்தன என்று சென்ற இதழில் ஒரு குறிப்பு வெளியிட்டிருந்தோம். அதைப் படித்துவிட்டு வாசகர்கள் அனுப்பிய கேள்விகள் பல. பழைய நகரங்களின் அடியில் ரயில் பாதை அமைப்பதைப் பற்றிய கேள்விகளை மட்டும் இந்த இதழில் எடுத்துக்கொள்கிறோம்.

மெட்ரோ சுரங்கம் வெகு ஆழத்தில் செல்கிறது. பழைய பொருள்களோ மேலே சில மீட்டர் ஆழத்திலேயே கிடைக்கின்றன. அப்படியிருக்க, இரண்டும் எங்கே மோதிக்கொள்கின்றன?
(நாகர்கோவில் வாசகர்)

உங்கள் ஐயம் சரியான இடத்தைத் தொடுகிறது. ரயில் ஓடும் குழாய் வடிவச் சுரங்கத்தால் தொல்லியல் அடுக்குகளுக்குப் பெரும்பாலும் இடையூறு வருவதில்லை. ரோம் நகரின் 'சி' தடம் நகர மையத்தில் 25 முதல் 30 மீட்டர் ஆழத்தில் செல்கிறது. மனிதர்கள் வாழ்ந்து விட்டுச்சென்ற மண்ணடுக்குகளுக்குக் கீழே, யாரும் தொடாத இயற்கை மண்ணைத் துளைத்துக்கொண்டு இயந்திரம் போய்விடுகிறது.

மோதல் நிகழ்வது நிலையங்களில்தான். பயணி தெருவிலிருந்து நடைமேடைக்கு இறங்க வேண்டும். அதற்குப் படிக்கட்டும், நகரும் படிக்கட்டும், மின்தூக்கியும் வேண்டும். சுரங்கத்துக்குள் காற்றுப் போய்வரத் தனிக் குழிகள் வேண்டும். தீ விபத்து நேர்ந்தால் வெளியேற வழி வேண்டும். இவை ஒவ்வொன்றும் தெருவின் மேற்பரப்பிலிருந்து நேர் கீழாக, இடையில் உள்ள அத்தனை நூற்றாண்டுகளையும் வெட்டிக்கொண்டுதான் இறங்க முடியும். இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மக்கள் அதிகம் கூடும் இடத்தில்தான் நிலையம் அமைப்பார்கள். பழைய நகரங்களில் அந்த இடம் பெரும்பாலும் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பும் மக்கள் கூடிய இடமாகவே இருக்கும். ஆகவே நிலையத்துக்கு மிகவும் பொருத்தமான இடமே தொல்லியலுக்கும் மிகவும் செறிவான இடமாக அமைந்துவிடுகிறது.

தெசலோனிக்கியில் அப்படி என்னதான் கிடைத்தது? நாணயம், பானை ஓடு என்று பொதுவாகச் சொல்லாமல் விளக்குங்கள்.
(பாளையங்கோட்டை வாசகி)

அலெக்சாந்தருக்குப் பின் மாசிடோனியாவை ஆண்ட கசாண்டர் கி.மு. 315 வாக்கில் நிறுவிய நகரம் அது. அலெக்சாந்தரின் தங்கையும் (தந்தை ஒருவர், தாய் வேறு) தன் மனைவியுமான தெசலோனிகியின் பெயரை அதற்கு இட்டார். கிறிஸ்தவ வாசகர்களுக்குப் பவுல் அடிகள் தெசலோனிக்கேயருக்கு எழுதிய கடிதங்கள் வழியாக இப்பெயர் பழக்கமாகியிருக்கும். ரோமானியர், பைசாந்தியர் (கிழக்கு ரோமானியர்), ஓட்டோமான் துருக்கியர் என்று ஆட்சிகள் மாறினாலும் மக்கள் குடியிருப்பு இடைவெளியின்றித் தொடர்ந்த நகரம் என்பதுதான் அதன் தனிச்சிறப்பு.

மெட்ரோவின் நகர மைய நிலையங்கள் எக்னாதியா தெருவின் அடியில் வருகின்றன. ரோமானியர் காலத்து முதன்மைச் சாலையும் ஏறத்தாழ அதே தடத்தில்தான் ஓடியது. 2012 வாக்கில் வெனிசேலு நிலையத்துக்காகத் தோண்டியபோது, இன்றைய தெருவுக்குச் சில மீட்டர் கீழே, பளிங்குக் கல் பாவிய பைசாந்தியச் சாலை ஒன்று 70 மீட்டருக்கும் மேற்பட்ட நீளத்தில் வெளிப்பட்டது. அதைக் குறுக்குச் சாலை வெட்டும் நாற்சந்தியும், இருபுறமும் கடைகளும் பட்டறைகளும் அப்படியே இருந்தன. அடுத்த நிலையமான அயியா சோஃபியாவில் பளிங்குத் தளமிட்ட திறந்த வெளியும், மொசைக் தரைகளும் கிடைத்தன. காதல் தெய்வமான அப்ரோடைட்டியின் தலையில்லாத சிலை ஒன்றும் அங்கே கிடைத்தது. நகரச் சுவருக்கு வெளியே அமைந்த நிலையங்களில் பழைய இடுகாடுகள் வெளிப்பட்டன. சிந்திரிவானி நிலையப் பகுதியில் இறந்தவர்களோடு வைத்த தங்க இலை மாலைகள் கிடைத்தன. கல்லறைகளுக்கு நடுவே நின்ற பழைய தேவாலயம் ஒன்றின் மொசைக் தரையும் அங்கே இருந்தது.

இத்தனையிலும் என் மனம் நிற்பது அந்த நாற்சந்தியில்தான். அரண்மனையையும் கோயிலையும் எத்தனையோ நகரங்களில் காணலாம். சாதாரண மக்கள் நடந்து, பேரம் பேசி, பொருள் வாங்கிய கடைத்தெருவின் சந்திப்பு இவ்வளவு முழுமையாகக் கிடைப்பது அரிது. அந்தச் சந்திப்பின் நேர் மேலே, இன்றைய தெரு மூலையில், 15ஆம் நூற்றாண்டின் அம்சா பே மசூதி நிற்கிறது. சற்றுத் தள்ளி ஓட்டோமான் காலத்து மூடிய சந்தையான பெசெஸ்தேன் இன்றும் இயங்குகிறது. கீழே கடைகள், மேலேயும் கடைகள். வணிகம் அந்த இடத்தைவிட்டு நகரவே இல்லை.

2006இல் தொடங்கிய வேலை 2024இல்தான் முடிந்திருக்கிறது. வெறும் 9.6 கிலோமீட்டர், 13 நிலையங்கள். இந்தத் தாமதத்துக்குத் தொல்லியல்தானே காரணம்? நான் கட்டுமானத் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவன். பழைய கற்களுக்காக ஒரு நகரத்தின் மக்களை 18 ஆண்டுகள் பேருந்து நெரிசலில் நிறுத்தி வைப்பது நியாயமா?
(சென்னை வாசகர்)

நெரிசலில் நின்ற மக்களின் பக்கம் நின்று கேட்கிறீர்கள், அது மதிக்கத்தக்கது. ஆயினும் தாமதத்தின் கணக்கைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒப்பந்தத்தின்படி 2012இல் வேலை முடிந்திருக்க வேண்டும். இடையில் கிரேக்கம் கடுமையான கடன் நெருக்கடியில் சிக்கியது. ஒப்பந்ததாரருக்கும் திட்ட நிறுவனத்துக்கும் இடையே வழக்குகள் எழுந்தன. வேலை பெருமளவு முடங்கிக் கிடந்த ஆண்டுகளும் உண்டு. இவற்றோடு தொல்லியலும் சேர்ந்துகொண்டது என்பது உண்மை. ஆனால் அதிலும் அகழாய்வுக்கு ஆன காலத்தைவிட, கிடைத்ததை என்ன செய்வது என்று முடிவெடுக்க ஆன காலமும், எடுத்த முடிவை மாற்றி மாற்றி எடுத்த காலமுமே அதிகம்.

செலவையும் பாருங்கள். திட்டத்தின் மொத்தச் செலவு ஏறத்தாழ 300 கோடி யூரோ. அகழாய்வுகளுக்கு ஆனது சுமார் 13 கோடி யூரோ. நூற்றுக்கு 5 ரூபாய்கூட இல்லை. பட்டியலில் வேறு எந்தச் செலவுக்கும் இவ்வளவு பழி விழுவதில்லை.

நீங்கள் பொறியியல் அறிந்தவர் என்பதால் லண்டனின் கிராஸ்ரெயில் என்னும் ரயில் திட்டத்தை ஒப்பிட்டுப் பாருங்கள். லிவர்பூல் தெரு நிலையத்தின் பயணச்சீட்டுக் கூடம் அமையவிருந்த இடத்தில் 16, 17ஆம் நூற்றாண்டுகளின் பெரிய இடுகாடு இருப்பது பழைய ஆவணங்களிலிருந்தும் சோதனைக் குழிகளிலிருந்தும் முன்கூட்டியே தெரிந்திருந்தது. 2015இல் தொல்லியலாளர் குழு இறங்கி 3,000க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகளை முறைப்படி எடுத்து முடித்த பிறகே கட்டுமானக்காரர்கள் உள்ளே வந்தார்கள். அந்த எலும்புக்கூடுகள் சிலவற்றின் பற்களிலிருந்து 1665ஆம் ஆண்டுப் பெருங்கொள்ளை நோயின் கிருமியை அடையாளம் காணவும் முடிந்தது. கிராஸ்ரெயிலும் தாமதமாகத்தான், 2022இல் திறந்தது. அந்தத் தாமதம் தொல்லியலால் வந்ததில்லை. சமிக்ஞை அமைப்பும் மென்பொருளும் நிலையங்களின் இறுதிக்கட்ட வேலைகளுமே காரணம்.

ஆகவே என் பதில் இதுதான்: நிலையத்தின் இடத்தையும் வடிவத்தையும் உறுதிசெய்து, ஒப்பந்தமும் போட்டு, இயந்திரங்களையும் கொண்டுவந்து நிறுத்திய பிறகு மண்ணுக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்கத் தொடங்கினால், எந்தக் கண்டுபிடிப்பும் இடையூறாகவே தோன்றும். வரைபடம் மேசைமீது இருக்கும்போதே சோதனைக் குழிகள் வெட்டிவிட்டால், நிலையத்தை 50 மீட்டர் நகர்த்துவது ஒரு கோட்டை அழித்து வரைவதோடு முடியும். மக்கள் காத்திருக்க நேர்ந்தது கற்களுக்காக என்பதைவிட, தாமதமாகக் கேட்ட கேள்விக்காக என்பதே பொருந்தும்.

வெனிசேலு நிலையத்தில் பழைய சாலையைப் பெயர்த்து எடுத்து, நிலையம் கட்டி முடித்ததும் அதே இடத்தில் திரும்ப வைத்துவிட்டார்களாம். அப்படியானால் எதுவும் இழக்கவில்லைதானே? பிறகு ஏன் அவ்வளவு எதிர்ப்பு?
(சிங்கப்பூர் வாசகி)

முதலில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2013 தொடக்கத்தில் கிரேக்கத்தின் மத்திய தொல்லியல் மன்றம், அந்தச் சாலையைப் பெயர்த்து நகரின் மேற்குப் பகுதியில் உள்ள பாவ்லோஸ் மெலாஸ் என்னும் பழைய இராணுவ முகாமுக்குக் கொண்டுசெல்லலாம் என்றது. நகர மக்களும் பல்கலைக்கழகத்தாரும் கொதித்தெழுந்தார்கள். அன்றைய மேயர் யான்னிஸ் புதாரிஸ் தலைமையில் நகராட்சியும் எதிர்த்தது. பின்னர் அரசு மாறியது. சாலையை அதன் இடத்திலேயே தாங்கி நிறுத்தி, அதற்குக் கீழே நிலையத்தைக் கட்டும் தொழில்நுட்பத் திட்டத்துக்கு 2017இல் ஒப்புதல் கிடைத்தது. 2019இல் மீண்டும் அரசு மாறியது. பெயர்த்து எடுத்துத் திரும்ப வைப்பதே விரைவானது என்று புதிய அரசு முடிவுசெய்தது. எதிர்த்துத் தொடுத்த மனுக்களை 2021இல் உச்ச நிர்வாக நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. கற்கள் பெயர்ந்தன, நிலையம் எழுந்தது, கற்கள் திரும்ப வந்தன. இன்று பயணிகள் அவற்றைப் பார்த்தபடியே ரயிலுக்கு இறங்குகிறார்கள்.

இனி, எதை இழந்தோம் என்ற உங்கள் கேள்வி. பெயர்ப்பதற்கு முன் ஒவ்வொரு கல்லுக்கும் எண்ணிட்டு, ஒளிப்படங்களாலும் அளவீடுகளாலும் முப்பரிமாணப் பதிவு செய்து, சுவர்களைப் பகுதி பகுதியாகச் சட்டங்களில் கட்டித் தூக்குகிறார்கள். இந்த வேலையில் கிரேக்கக் கைவினைஞர்களின் திறமை உலகறிந்தது. எனினும் ஒரு சாலை என்பது மேலே தெரியும் கற்கள் மட்டுமே ஆகாது. கல்லைப் பதித்த சாந்து, அதற்கு அடியில் இட்ட நிரவல் மண், அதனுள் ஓடும் கழிவுநீர்க் கால்வாய், எந்தச் சுவர் எந்தச் சுவரின்மீது ஏறி நிற்கிறது என்ற உறவு, ஒவ்வொரு தலைமுறையும் தெருவை எவ்வளவு உயர்த்தியது என்ற அளவு ஆகிய எல்லாம் சேர்ந்தே அந்தச் சாலை. தொல்லியலாளர் காலத்தைக் கணிப்பது இந்த உறவுகளிலிருந்துதான். இன்று நம் கைக்கு எட்டாத ஆய்வு முறைகளோடு 50 ஆண்டுகள் கழித்து வரும் ஒருவர், அந்தச் சாந்திலும் மண்ணிலும் எதைக் கேட்டிருப்பாரோ, அதைக் கேட்க இனி அங்கே மண் இல்லை. கற்கள் இப்போது புதிய கான்கிரீட் தளத்தின்மீது இருக்கின்றன.

இராணுவ முகாமுக்குப் போயிருந்தால் நேர்ந்திருக்கக்கூடிய இழப்பு இதைவிட மிகப் பெரியது; நாற்சந்தியை அதன் நகரத்திலிருந்தே பிரித்திருப்பார்கள். அதைத் தடுத்தவர்கள் எதிர்த்துப் போராடிய மக்கள்தான். அந்த நன்றியை அவர்களுக்குச் சொல்லியாக வேண்டும். ஆனாலும், இடத்திலேயே வைத்துக் கட்டும் வழி வரைந்து ஒப்புதலும் பெற்றிருந்த நிலையில் அதைக் கைவிட்டது சரியென்று என்னால் ஏற்க இயலவில்லை.

இஸ்தான்புல்லில் ரயில் நிலையத்துக்காகத் தோண்டியபோது கப்பல்கள் கிடைத்தன என்று படித்தேன். மரம் எப்படி ஆயிரம் ஆண்டுகள் மக்காமல் இருக்கும்?
(தூத்துக்குடி கல்லூரி மாணவர்)

பாஸ்பரஸ் நீரிணைக்கு அடியில் ஐரோப்பாவையும் ஆசியாவையும் இணைக்கும் மர்மராய் ரயில் பாதைக்காக, யெனிகாபி பகுதியில் 2004 முதல் 2013 வரை அகழாய்வு நடந்தது. அங்கே இருந்தது 4ஆம் நூற்றாண்டின் இறுதியில் தியோடோசியஸ் பேரரசர் காலத்தில் அமைத்த துறைமுகம். லைக்கோஸ் என்ற ஓடை கொண்டுவந்த வண்டல் சிறிது சிறிதாக அதைத் தூர்த்துவிட்டது. பிற்காலத்தில் அங்கே காய்கறித் தோட்டங்கள் இருந்தன. அந்த வண்டலுக்குள் 5ஆம் நூற்றாண்டு முதல் 10, 11ஆம் நூற்றாண்டுகள் வரையிலான 37 கப்பல்களின் உடல்கள் கிடந்தன.

மரத்தை மக்கச் செய்யும் பூஞ்சைகளுக்கு உயிர்வளி தேவை. கப்பலைத் துளைக்கும் கடற்புழுக்களுக்கும் அப்படியே. நீர் ஊறிய நெருக்கமான வண்டலுக்குள் உயிர்வளி புகாததால் மரம் தப்பிப் பிழைக்கிறது. ஆனால் அதன் உயிரணுக்களுக்குள் இருந்த பொருள் கரைந்துபோய், அந்த இடத்தை நீர்தான் தாங்கி நிற்கும். வெளியே எடுத்து உலரவிட்டால் மரம் சுருங்கி வெடித்து உருவமிழந்துவிடும். அதனால் தோண்டும்போது இடைவிடாமல் நீர் தெளித்தார்கள்; பிறகு பலகைகளைத் தொட்டிகளில் இட்டு, நீரின் இடத்தில் பாலிஎத்திலீன் கிளைக்கால் என்ற மெழுகு போன்ற பொருளைப் பல ஆண்டுகள் மெல்ல ஊறவைத்து, அதன்பின் உறைநிலையில் உலர்த்தும் முறையைக் கையாண்டார்கள்.

உங்கள் ஊர்க்காரர்களுக்குப் பிடிக்கும் ஒரு செய்தி: பண்டைய மத்தியதரைக் கடல் தச்சர்கள் முதலில் பலகைகளை விளிம்போடு விளிம்பு சேர்த்துக் கப்பலின் வெளிக்கூட்டை அமைத்து, பிறகு உள்ளே விலாச் சட்டங்களைப் பொருத்தினார்கள். பின்னாளில் சட்டங்களை முதலில் நிறுத்தி, அவற்றின்மீது பலகை அறையும் முறை வந்தது. இந்த மாற்றம் ஒரே நாளில் நிகழ்ந்ததன்று. பல நூற்றாண்டுகளில் படிப்படியாக நிகழ்ந்தது. அந்தப் படிகளை ஒரே துறைமுகத்துக் கப்பல்களில் அடுத்தடுத்துப் பார்க்கும் வாய்ப்பை யெனிகாபி கொடுத்தது. துறைமுகத்துக்கும் கீழே சுமார் 8,000 ஆண்டுகளுக்கு முந்தைய புதிய கற்காலக் குடியிருப்பும், ஈர மண்ணில் பதிந்த மனிதக் காலடித் தடங்களும் இருந்தன. 2009இல் திறக்கத் திட்டமிட்டிருந்த ரயில் பாதை 2013 அக்டோபரில் திறந்தது. அந்த நான்கு ஆண்டுகளில் இஸ்தான்புல்லின் வரலாற்றுக்கு ஆறாயிரம் ஆண்டுகள் கூடுதலாகக் கிடைத்தன.

இறந்தவர்களின் எலும்புகளைத் தோண்டி எடுப்பது மனத்துக்கு ஒப்பவில்லை. அவற்றை அப்படியே விட்டுவிடலாகாதா?
(காரைக்குடி வாசகி)

விட்டுவிட்ட இடமும் உண்டு. ஏதென்சின் பழைய இடுகாடான கெராமெய்க்கோஸ் பகுதியில் திட்டமிட்ட நிலையத்தையும் சுரங்கப் பாதையையும் அந்தத் தொல்லியல் களத்தைவிட்டு விலக்கி அமைத்தார்கள். அதற்கு முன் அங்கே 1994, 95இல் நடந்த அகழாய்வில், 150 பேரையாவது அவசரமாகப் புதைத்திருந்த ஒரு பெருங்குழி வெளிப்பட்டது. கி.மு. 430இல் ஏதென்சைத் தாக்கி, மறு ஆண்டு அந்நகரின் தலைவர் பெரிக்கிளீசின் உயிரையும் கொண்டுபோன கொள்ளை நோயோடு அதை இணைத்துப் பார்க்கிறார்கள். வழக்கமான சடங்கு எதுவும் இல்லாமல், ஒருவர்மீது ஒருவராகக் கிடந்தவர்களுள் 11 வயது மதிக்கத்தக்க ஒரு சிறுமியும் இருந்தாள். மண்டையோட்டை அடிப்படையாகக் கொண்டு அவள் முகத்தை மீட்டுருவாக்கி, மிர்த்திஸ் என்று பெயரிட்டு 2010இல் மக்கள்முன் வைத்தார்கள். நோய் எது என்பதில் இன்னும் கருத்து வேறுபாடு இருக்கிறது. பற்களிலிருந்து எடுத்த மரபணுவைக்கொண்டு டைபாய்டு என்று சொன்ன ஆய்வை வேறு சிலர் ஏற்கவில்லை.

உங்கள் தயக்கம் எனக்கும் உண்டு. ஆனால் மண்வாரி இயந்திரத்தின் பல்லில் சிக்கி லாரியில் போவதைவிட, தூரிகை பிடித்த கையால் வெளிவருவது அந்தச் சிறுமிக்கு நாம் செய்யும் மரியாதை என்றே கருதுகிறேன்.

மேலே நிற்கும் பழைய கட்டடங்களுக்கு ஆபத்து உண்டா?
(கும்பகோணம் வாசகர்)

உண்டு. ஜெர்மனியின் கொலோன் நகரில் 2009 மார்ச் 3 அன்று, மெட்ரோ வேலை நடந்த குழியை ஒட்டி நின்ற நகர ஆவணக் காப்பகக் கட்டடம் சரிந்தது. குழியின் பக்கச் சுவரில் இருந்த கட்டுமானக் குறை வழியாக மண்ணும் நீரும் உள்ளே பாய்ந்ததே காரணம். அருகில் குடியிருந்த இருவர் இறந்தார்கள். ஆயிரம் ஆண்டுக் கால ஆவணங்கள் இடிபாட்டிலும் நிலத்தடி நீரிலும் கிடந்தன. மீட்டவற்றைச் செப்பனிடும் வேலை பல பத்தாண்டுகள் நீள்வது. எனவே பழைய நகரத்தில் நிலத்தடி நீர்மட்டத்தையும் சுவர்களின் அசைவையும் நாள்தோறும் அளப்பது விருப்பத்தைப் பொறுத்த வேலையாக இருக்க முடியாது.

மதுரையில் மெட்ரோ வந்தால் இதெல்லாம் நமக்கும் பொருந்துமா?
(மதுரை வாசகர்)

திருமங்கலத்திலிருந்து ஒத்தக்கடை வரை சுமார் 32 கிலோமீட்டர் நீளத்துக்குத் தயாரித்த திட்டத்தில், நகர மையத்தில் ஒரு பகுதி நிலத்தடியில் செல்வதாக இருந்தது. 2025 நவம்பரில் ஒன்றிய அரசு மக்கள்தொகையைக் காரணம் காட்டி அதைத் திருப்பி அனுப்பியது. இந்த இடைவெளியைப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்பது என் எண்ணம்.

ஐரோப்பிய நாடுகள் 1992இல் மால்டாவின் வாலெட்டா நகரில் கையெழுத்திட்ட உடன்படிக்கை, திட்டமிடும் கட்டத்திலேயே தொல்லியலாளரைச் சேர்க்க வேண்டும் என்றும், பொதுத் திட்டமானாலும் தனியார் திட்டமானாலும் அகழாய்வுச் செலவைத் திட்டமே ஏற்க வழிசெய்ய வேண்டும் என்றும் சொல்கிறது. கிரேக்கத்தின் 2002ஆம் ஆண்டுச் சட்டமும் செலவைத் திட்டத்தின்மீதே வைக்கிறது. நம் நாட்டில் தொல்சின்னங்களுக்கான 1958ஆம் ஆண்டுச் சட்டமும் அதன் 2010 திருத்தமும், பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவித்த இடத்தைச் சுற்றி 100 மீட்டரைத் தடைப் பகுதியாகவும், அதற்கப்பால் 200 மீட்டரை ஒழுங்குமுறைப் பகுதியாகவும் வகுக்கின்றன. அறிவிப்பில் இல்லாத ஒரு சாதாரணத் தெருவின் அடியில் கிடப்பதற்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. மதுரையின் செல்வம் பெரும்பகுதி அப்படிப்பட்ட தெருக்களின் அடியில்தான் இருக்கக்கூடும்.

1840களை ஒட்டி ஆட்சியர் பிளாக்பர்ன் காலத்தில் கோட்டைச் சுவரை இடித்து அகழியைத் தூர்த்ததையும், அந்த இடத்தில் வெளி வீதிகள் உருவானதையும் மதுரைக்காரரான நீங்கள் அறிவீர்கள். வெளி வீதியில் எங்கே குழி வெட்டினாலும் அகழியோ சுவரின் அடித்தளமோ தென்படும் வாய்ப்பு உண்டு. அதற்கு உள்ளே மாசி வீதிகளுக்கும் ஆவணி மூல வீதிகளுக்கும் அடியில் நாயக்கர் காலம், பாண்டியர் காலம் என்று எத்தனை அடுக்குகள், எந்த ஆழத்தில் இருக்கின்றன என்பதை மண்ணைத் திறந்து பார்த்தால்தான் சொல்ல முடியும். கீழடியில் அகழாய்வு தோப்புகளுக்கு நடுவே நடந்தது. மக்கள் நெருங்கி வாழும் மதுரைக்குள் அவ்வளவு விரிவாகத் தோண்டுவதற்கு வேறு வாய்ப்பே வராது.

நிலையங்கள் வரக்கூடிய ஒவ்வோர் இடத்திலும் சிறு விட்டத் துளைகளால் மண் மாதிரி எடுப்பது, ஆழமான சில சோதனைக் குழிகள் வெட்டுவது, பழைய நில அளவை வரைபடங்களை இன்றைய தெருக்களோடு பொருத்திப் பார்ப்பது ஆகிய மூன்றையும் மாநிலத் தொல்லியல் துறை இப்போதே தொடங்கலாம். ரயில் வராவிட்டாலும் இந்த அறிவு வீணாகாது. குடிநீர்க் குழாயும் புதைசாக்கடையும் அதே மண்ணில்தான் இறங்குகின்றன.

அடுத்த ஆண்டு தெசலோனிக்கி செல்கிறேன். எந்த நிலையத்தைப் பார்க்க வேண்டும்?
(கோயம்புத்தூர் வாசகர்)

வெனிசேலுவில் இறங்குங்கள். சாலையைப் பார்த்துவிட்டு மேலே ஏறி, அம்சா பே மசூதியையும் பெசெஸ்தேனையும் நடந்தே பார்த்துவிடலாம். பிறகு ஒரே ஒரு நிறுத்தம் பயணம் செய்து அயியா சோஃபியா நிலையத்தில் இறங்கினால், அங்கும் அகழாய்வில் வெளிப்பட்ட பகுதிகளைப் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். வழியில் ரோமுக்கும் போவதாக இருந்தால், 'சி' தடத்தின் சான் ஜொவான்னி நிலையத்தை விட்டுவிடாதீர்கள். நகரும் படிக்கட்டில் இறங்கும்போது நீங்கள் எந்த நூற்றாண்டின் மண்ணைக் கடக்கிறீர்கள் என்று சுவரிலேயே குறித்திருப்பார்கள். அங்கிருந்த ரோமானியப் பண்ணையில் கிடைத்த பீச் பழக் கொட்டைகளையும் பார்க்கலாம்.